சம்பந்தியம்மாள் ஏன் ஆடவில்லை

நாமகிரிப்பேட்டை
24.6.2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சாரதாமணி எழுதுவது. இங்கே உங்கள் மகள் ஜெயப்பிரியா நலம். என் மகன் கௌதமன் நலம். என் வீட்டுக்காரரும் நலம். நலமில்லாதவள் நான் ஒருத்திதான். அதற்குக் காரணம் நீங்கள்.

போனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். நான் மூச்சு வாங்கப் பேசி முடித்தால் அந்தப் பக்கம் "ம், சரிங்க" என்கிறீர்கள். அதில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. ரயில் வருவதை ஸ்டேஷனில் அறிவிக்கிற குரலில்கூட அதைவிட உயிர் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப முடியாதல்லவா.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ராசிபுரம் மண்டபத்தில் வள்ளி கும்மி ஆடினோம். வெளியாட்கள் யாரும் இல்லை, நம் குழுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீங்கள் சூரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் பக்கத்தில் நின்று ஆடிய அதே குழு. அங்கே பழகித்தானே நம் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசினோம். கும்மி வாத்தியார் பாட்டெடுக்கும் முன்பே உங்கள் கால் தரையில் தட்ட ஆரம்பித்துவிடும். "பேரு தெய்வநாயகி, ஆடுறது வள்ளிக்கு" என்று அவர் கேலி செய்யாத நாள் உண்டா? போன வருஷக் கடைசியிலிருந்து நீங்கள் வருவது குறைந்தது. கல்யாண வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வாத்தியார் மைக்கில், பொண்ணோட அம்மா வட்டத்துக்கு வரோணும் என்று கூப்பிட்டார். நீங்கள் நாற்காலியை விட்டு அசையவில்லை. நான் வந்து கையைப் பிடித்தேன். "என்னால ஆவாதுங்க" என்று கையை உருவிக்கொண்டீர்கள். முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு பக்கத்துச் சொந்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. என் பெரிய நாத்தனார் என் காதுபடவே, "பொண்ணு குடுக்க மனசில்லாதவிங்களாட்டம் இருக்குது" என்றார்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். என் வீட்டில் பெண் கொடுத்ததில் உங்களுக்கு என்ன குறை?

இப்படிக்கு,
சாரதாமணி


சூரமங்கலம்
2.7.2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. குறை எதுவும் இல்லை. இருந்திருந்தால் பெண் கொடுத்திருக்க மாட்டோம்.

கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவளுக்கு எத்தனை வேலை என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு ஒரே மகன். பந்திக்கும் பந்தலுக்குமாக அலைந்து எனக்குக் கால் விட்டுப்போயிருந்தது. அந்த நேரத்தில் எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்து இழுத்தது நீங்கள். இழுக்காமல் இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். உங்கள் நாத்தனார் பேசினார் என்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

எனக்கு இப்போதெல்லாம் கும்மி பிடிக்கவில்லை. அவ்வளவுதான். பிடிக்காமல் போவது ஒரு குற்றமா? கத்திரிக்காய் பிடிக்காமல் போனால் இப்படிக் கடிதம் போட்டு விசாரிப்பீர்களா?

ஆடிக்கு அழைக்க வருகிறோம். நாள் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் பேசுவார்.

இப்படிக்கு,
தெய்வநாயகி


நாமகிரிப்பேட்டை
15.7.2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படிக்க என் வீட்டுக்காரருடைய கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வரி தொடங்கும் இடத்தில் எழுத்து தெரிகிறது. முடியும் இடத்தில் கடுகைக் கொட்டியது மாதிரி ஆகிவிடுகிறது. சம்பந்தி வீட்டுக்கு எழுதும்போது பேனா மையைக்கூடச் சிக்கனம் பிடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.

கத்திரிக்காய் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஆடி அழைப்பைப் பேசுவோம்.

வந்தீர்கள். சீர்த் தட்டு வைத்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் பிரபாகர் அண்ணன் பேசினார், சிரித்தார், இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீங்கள் சோபாவின் ஓரத்தில் படம் பிடிக்க உட்கார வைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். மகளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? அந்தப் பெண் "அம்மா" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். நீங்கள் அவள் முதுகில் கையை வைத்தீர்கள், சிரிக்கவில்லை. நான் பரிமாறிய இலையில் பாதியை அப்படியே வைத்தீர்கள்.

புறப்படும்போது வாசற்படியில் நின்றுவிட்டீர்கள். எதையோ சொல்லத்தான் நிற்கிறீர்கள் என்று நானும் காத்திருந்தேன். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை, "போயிட்டு வாரேனுங்க்கா" என்று பழையபடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எல்லாவற்றையும் மறந்திருப்பேன். ஒன்றும் சொல்லாமல் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனீர்கள். அன்றைக்கு முழுதும் ஜெயப்பிரியா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

அழைத்தவர் முகத்தில் அழைப்பு இல்லை. மனசோடு கூப்பிட்டால் அனுப்புகிறேன். முறைக்காகக் கூப்பிடும் வீட்டுக்கு என் மருமகளை அனுப்ப எனக்கு இஷ்டமில்லை.

சாரதாமணி


சூரமங்கலம்
23.7.2024

அக்கா,

சம்பந்தியம்மா என்று எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. நீங்களும் அதை விட்டுவிடுங்கள்.

ஜெயப்பிரியாவை அனுப்புங்கள். இதைக் கெஞ்சலாகப் படியுங்கள். போனில் சொன்னால் கெஞ்சலாகக் கேட்காது. என் குரலில் இப்போது எதுவுமே கேட்பதில்லை. நான் சாதாரணமாகப் பேசினாலும் "எதுக்குக் கோவமா இருக்குற?" என்கிறார் இவர். கோபம் இல்லை என்று சொன்னால் அதையும் கோபமாகச் சொல்கிறேனாம். நான் என்ன செய்யட்டும்?

கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்க்கிறேன். சிரிக்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. கண்ணாடியில் இருப்பவள் சிரிக்கவில்லை. என் மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டபோது எனக்கு உள்ளே எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லை. அதற்காக இல்லாததாகிவிடுமா?

உங்கள் வாசற்படியில் நான் எதையும் சொல்ல நிற்கவில்லை. கால் எழவில்லை. படி தெரிகிறது, இறங்க வேண்டும் என்று தெரிகிறது, கால் மட்டும் கேட்கவில்லை. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று சொல்லவில்லை.

கும்மி பிடிக்கவில்லை என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. முன்பெல்லாம் வாத்தியார் தொண்டையைச் செருமினாலே எனக்கு இடுப்பிலிருந்து ஏதோ கிளம்பும். அடுத்த தட்டு எப்போது விழும் என்று உடம்பு காத்துக்கொண்டிருக்கும். விழுந்ததும் இன்னொன்று வேண்டும் என்றிருக்கும். அதை முருகன் என்றுதான் நினைத்திருந்தேன். மண்டபத்தில் நீங்கள் எல்லோரும் ஆடியபோது அதே பாட்டு, அதே கைத்தட்டல். எனக்கு அது புதுபஸ்ஸ்டாண்டு இரைச்சல் மாதிரி இருந்தது. இரைச்சலுக்கு எழுந்து எப்படி ஆடுவது?

அவன் என்னை விட்டுப் போய்விட்டானோ என்று பயமாக இருக்கிறது. புத்தி பிசகுகிறதோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. இவரிடம் சொல்லவில்லை. சண்டைக்காரியான உங்களிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் நேரம்.

தெய்வநாயகி


சூரமங்கலம்
16.8.2024

அக்கா,

நீங்கள் வந்து போட்டுவிட்டுப் போன சத்தத்தைப் பற்றிக் குவார்ட்டர்ஸில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேல்வீட்டு அம்மா, உங்க சம்பந்தி நெம்பக் கோவக்காரிங்களா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

முன்கூட்டிச் சொல்லாமல் ஜெயப்பிரியாவையும் பையையும் கொண்டுவந்து இறக்கினீர்கள். காபிகூடக் குடிக்கவில்லை. போனில் கும்மிப் பாட்டைப் போட்டு மேசையில் வைத்து, "எங்க, எந்திரிச்சு ஒரு சுத்து ஆடு பாக்கலாம்" என்றீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்தேன். இரண்டு முறை முயற்சி செய்துதான் நாற்காலியை விட்டே எழ முடிந்தது. கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. வலது கை தொடையில் தட்டுவது மாதிரி தானாக நடுங்கியது. நீங்கள் பாட்டை நிறுத்தினீர்கள். அப்புறம் ஒன்றுமே பேசவில்லை. உங்களைப் பேச்சில்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் காலைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கும் சேர்த்து இவரைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஏனுங்ண்ணா, கூடவே இருக்குறீங்க, இது உங்களுக்குத் தெரியலீங்களா? நரம்பு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போங்க. நீங்க போவாட்டி நான் கூட்டிட்டுப் போறேன்." இவர் அப்போதே லீவு போட்டார்.

போய் வந்தோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எழுத்து போகப் போகச் சிறுத்ததைப் பார்த்துத் தலையாட்டினார். நீங்கள் மைச் சிக்கனம் என்றீர்களே, அது ஒரு அடையாளமாம். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன். கூட வந்திருந்த ஜெயப்பிரியா, "அம்மா, காலையில ஒரு கேஸ் மாத்திரை போடுவியே?" என்றாள்.

"அது மாத்திரை இல்லடி. வயித்துக்கு" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

போன வருஷம் நெஞ்செரிச்சலுக்கு ஒரு டாக்டர் கொஞ்ச நாளைக்கு எழுதிக் கொடுத்தது அது. நன்றாகக் கேட்டது. நிறுத்தினால் திரும்ப எரியுமோ என்று நானே வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டேன். மருந்துக் கடையில் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. அதற்குள் இரண்டு மருந்து இருக்கிறதாம். ஒன்று புளிப்பைக் குறைக்க. இன்னொன்று வயிறு உப்பாமல் இருக்க. இரண்டாவது வயிற்றோடு நிற்காமல் மூளைக்கும் போய் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுத்துவிடுமாம். எல்லோருக்கும் இப்படி ஆகாது, நாள்பட எடுத்தால் சிலருக்கு ஆகும் என்றார். கால் எழுவதற்கும் முகம் சிரிப்பதற்கும் அந்த டோபமைன் வேண்டும்.

பாட்டு இரைச்சலாகக் கேட்பதையும் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது, டாக்டரிடம் சொல்லும் விஷயமா இது என்று. அவர் சிரிக்கவில்லை. பாட்டுக் கேட்கும்போது மூளை அடுத்த தட்டை முன்கூட்டியே எதிர்பார்த்துக் காத்திருக்குமாம். அந்தக் காத்திருப்பிலும், தட்டு விழும்போது வரும் சந்தோஷத்திலும், கால் தானாக எழுவதிலும் இதே ரசாயனத்துக்குப் பங்கிருக்கிறது என்றார். இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லையாம். "உங்களுக்கு ஆடப் பிடிக்காம போகலைங்கம்மா. பிடிக்கிற வழியை மாத்திரை அடைச்சிருச்சு" என்றார்.

அந்த மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்திருக்கிறார். சரியாக மாதங்கள் ஆகலாம் என்கிறார். சிலருக்கு முழுதாகச் சரியாகாமலும் போகலாம் என்பதையும் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரே எரிச்சல், அக்கா. பேய் பிடித்தது என்றால்கூட ஒரு கௌரவம். நெஞ்செரிச்சல் மாத்திரையாம்.

தெய்வநாயகி


நாமகிரிப்பேட்டை
25.8.2024

தெய்வானை,

இனி நீ, வா, போதான். மரியாதை எல்லாம் கோபத்துக்காக வைத்தது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை ஆத்திரம் வந்தது. கல்யாணத்திலிருந்து எத்தனை நாள் உன்மேல் கோபமாக இருந்திருக்கிறேன் தெரியுமா? சோறு இறங்காமல், என் நாத்தனாரோடு சேர்ந்து உன்னைப் பேசி, ஜெயப்பிரியாவை முறைத்து, நீ வைத்த சீர்ப் புடவையைக் கட்டாமல் மடித்து வைத்து, எவ்வளவு பாடுபட்டேன். அத்தனை கோபமும் ஒரு மாத்திரைக்குப் போய்ச் சேர வேண்டியதாம். அதை நான் எங்கே போய்க் கேட்பது? மாத்திரையைக் கூப்பிட்டு வைத்துத் திட்ட முடியுமா?

கடிதத்தைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு அலமாரியைக் கொட்டிக் கவிழ்த்தேன். என் வீட்டுக்காரரும் ஏதோ ஒன்றை வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறார். குப்பையில் வீசப் போனேன். உன் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்காமல் சாப்பிடுவதும் தப்பு, கேட்காமல் நிறுத்துவதும் தப்பு என்றாள். டாக்டரிடம் போனோம். அது ரத்தக்கொதிப்பு மாத்திரையாம். அதை விடாமல் சாப்பிடச் சொன்னார். உன் மகள் சொன்னது சரிதான். அதை அவளிடம் சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. முருகன் என்று நினைத்தது ரசாயனமா என்று ஜெயப்பிரியாவிடம் போனில் புலம்பினாயாம். உனக்குப் பசிப்பதும் ஏதோ ரசாயனம்தானாம், அவள்தான் சொல்கிறாள். அதற்காகச் சோற்றைப் பொய் என்பாயா? அவன் கொடுக்க நினைத்தால் எந்த வழியாகவும் கொடுப்பான். நீ வழியை அடைத்து வைத்துவிட்டு அவனைச் சந்தேகப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். தைப்பூசத்துக்குப் பெரிய ஆட்டம். உன் இடம் காலியாகவே இருக்கும்.

சாரதாமணி


சூரமங்கலம்
2.12.2024

அக்கா,

நேற்றுப் பாதியில் எழுந்து போனதற்காக நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். திட்டிவிட்டுப் படியுங்கள்.

எழுத்தைப் பாருங்கள், எவ்வளவு பெரிதாக எழுதுகிறேன். கை நடுக்கம் போய்விட்டது. படி இறங்குகிறேன். சிரித்தால் இவருக்குத் தெரிகிறது. டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்றுப் பயிற்சியில் ஒரு அடியும் நான் தப்பவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பினேன், குனிய வேண்டிய இடத்தில் குனிந்தேன். வாத்தியார் மைக்கிலேயே பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நேரத்தில் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லட்டுமா? வீட்டில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினேனா இல்லையா என்று.

முன்பு பாட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போகும். நேற்று நான் பாட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். கனத்தது. இரண்டாம் பாட்டுக்கு வட்டம் கூடியபோது என்னால் நிற்க முடியவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ராசிபுரம் பஸ் ஏறிவிட்டேன்.

கால் வந்துவிட்டது, அது வரவில்லை. கால் வராமல் இருந்தபோது ஒரு நம்பிக்கை இருந்தது, எல்லாம் சேர்ந்து வரும் என்று. இப்போது அதுவும் இல்லை. தைப்பூசத்துக்கு என்னை எதிர்பார்க்காதீர்கள். எனக்காக வைத்திருக்கும் காலி இடத்தில் வேறு யாரையாவது நிறுத்துங்கள்.

தெய்வநாயகி


நாமகிரிப்பேட்டை
8.12.2024

தெய்வானை,

மோட்டாரை நினைத்தாயாம். அதற்காக எழுந்து போனாயாம்.

நான் எந்த நாளும் மோட்டாரைத்தான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் மஞ்சள் வேகவைக்கிற ஆட்கள் வந்தார்களா என்று நினைப்பேன். இடது கால், வலது கால், தட்டு, திரும்பு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டுதான் ஆடுகிறேன். இடுப்பிலிருந்து கிளம்புகிறது, உடம்பு காத்திருக்கிறது என்றெல்லாம் நீ எழுதினாயே, அதைப் படித்தபோதுதான் இப்படி ஒன்று இருக்கிறதென்றே எனக்குத் தெரிந்தது. எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. நான் எந்த மாத்திரையும் தின்னவில்லை. எனக்கு வாய்த்தது அவ்வளவுதான் போலிருக்கிறது.

பின்னே எதற்கு ஆடுகிறாய் என்று கேட்பாய். முதல் வருஷம் ஊரில் எல்லோரும் சேர்ந்தார்கள் என்று சேர்ந்தேன். விட்டுவிடலாம் என்று இருந்தபோது நீ வந்தாய். உன் பக்கத்தில் நின்றால், நீ ஆடுவதைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நீ சந்தோஷமாக இருப்பது தெரியும், அது எனக்குப் போதும். அதனால்தான் வாராவாரம் போனேன். மண்டபத்தில் நீ வரமாட்டேன் என்றபோது என் நாத்தனார் பேசியது எனக்குப் பெரிதில்லை. என் மகன் கல்யாணத்துக்கு நீ பக்கத்தில் இல்லாமல் நான் எண்ணிக்கொண்டு ஆட வேண்டியதாகிவிட்டதே என்றுதான் இருந்தது.

இதை உன்னிடம் சொல்வேன் என்று நான் நினைக்கவில்லை. சொல்ல வைத்துவிட்டாய்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் இனிமேல் கூப்பிட மாட்டேன்.

சாரதாமணி


சூரமங்கலம்
7.1.2025

அக்கா,

ஒரு மாதமாக எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு, எனக்குப் போய்விட்டது போய்விட்டது என்று நான் அழுததெல்லாம் என்னவோ போல ஆகிவிட்டது.

இன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் தெரு முனையில் புதிதாக ஒரு செல்போன் கடை திறக்கிறார்கள். காலையிலிருந்து ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு. கேட்கச் சகிக்காத குத்துப் பாட்டு. அதில் பொருள் என்று ஒன்றும் கிடையாது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்துகிறார்கள். இவர் நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்திருக்கிறார். ஜன்னலைச் சாத்தினேன், அடங்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கேட்டே தீர்வது என்று கிளம்பினேன். என்ன கேட்க வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக யோசித்துக்கொண்டே போனேன். மனுசங்க குடியிருக்கிற இடமா இல்லையா என்று ஆரம்பிப்பதாக இருந்தேன்.

கடை வாசலில் பலூன் கட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "சத்தம் அதிகமா இருக்குதுங்களாம்மா? கொறைச்சரட்டுங்களா?" என்று பாட்டுப் பெட்டியில் கையை வைத்தார்.

அப்போதுதான் கவனித்தேன். என் குதிகால் தட்டிக்கொண்டிருந்தது. நான் தட்டவில்லை. எங்கிருந்து ஆரம்பித்தது என்றும் தெரியவில்லை. வீட்டுப் படியிலிருந்தே அந்தத் தாளத்துக்குத்தான் நடந்து வந்திருக்கிறேன் போலிருக்கிறது. தட்டு விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே ஏதோ எழுந்து நின்றது. விழுந்தது. திரும்ப எழுந்து நின்றது.

"கொறைக்க வேண்டாஞ் சாமி. முடியட்டும்" என்றேன்.

கரண்டு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டு முடியும்வரை நின்றேன். கடைக்காரர் எனக்கு ஏதோ மயக்கம் போலிருக்கிறது என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் போய்விடுமோ என்று பயம்.

எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? தைப்பூசம், முருகன், வள்ளி என்று நீங்கள் எல்லோரும் கூப்பிட்டபோது வராதது, செல்போன் கடைக்கு வந்திருக்கிறது. அந்தப் பாட்டுக்கு. எனக்கே அவமானமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து கும்மிப் பாட்டைப் போட்டுப் பார்த்தேன். லேசாக, இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இவர் எழுந்து வந்து, "எதுக்குச் சிரிக்கிற?" என்று கேட்டார். சிரிக்கவில்லை என்றேன்.

தெய்வநாயகி


நாமகிரிப்பேட்டை
11.1.2025

தெய்வானை,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது. அதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

இத்தனை வருஷம் பக்தி பக்தி என்றாய். கடைசியில் செல்போன் கடை. எனக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் வந்ததை எதற்கு வந்தாய் என்று கேட்டு வாசலில் நிறுத்தாதே. அது பாட்டுக்கு வரட்டும். நல்ல பாட்டு எது, கெட்ட பாட்டு எது என்று அதற்கு நாம் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம். வாத்தியாரிடம் மட்டும் எந்தப் பாட்டு என்று சொல்லாதே. மனுஷன் தாங்க மாட்டார்.

கூப்பிட மாட்டேன் என்று எழுதியிருந்தேன். இது கூப்பிடுவது இல்லை, தகவல். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. பச்சைப் புடவை. உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஜாக்கெட் அளவு ஜெயப்பிரியா கொடுத்தாள். அது லேசாக வந்தாலும் வா, வராவிட்டாலும் வா. நடுவில் போய்விட்டால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து மோட்டாரை நினைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும். வட்டத்தில் இந்தத் தடவை என் பக்கத்தில் நிற்காதே, எதிரே நில். பக்கத்தில் நின்றால் எனக்கு உன் முகம் தெரிவதில்லை.

சாரதாக்கா